படத்துக்கும் பாடபேதம் உண்டு

ஓலைச்சுவடி விஷயத்தில் நமக்கு ஓர் ஒழுக்கம் படிந்திருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய காலந்தொட்டு, கிடைத்த பிரதிகளை ஒப்பிடுவது, வேறுபடும் இடங்களைக் குறிப்பது, தான் ஏற்ற பாடத்தையும் விட்ட பாடத்தையும் வாசகன் கண்ணுக்கு வைப்பது என்று ஒரு மரபு உருவாகிவிட்டது. ‘இந்தச் சொல் எனக்கு அழகாகப் படவில்லை, மாற்றிவிட்டேன்’ என்று ஒரு பதிப்பாசிரியன் இன்று சொன்னால் அவனை யாரும் மதிக்க மாட்டார்கள். சொல்லாமல் மாற்றியிருந்தால், கண்டுபிடிக்கப்படுகிற நாளில் அவன் கதி இன்னும் மோசம்.

புகைப்படத்துக்கு இந்த ஒழுக்கம் நம்மிடம் கிடையாது. ஒரு கவிஞனின் வரியில் ஒற்று மிகுந்தால் சண்டைக்கு வருகிறவர்கள், அவன் முகத்தில் நிறம் மாறினால் கவனிப்பதில்லை. முகத்தை வெளுக்கலாம், தழும்பை அழிக்கலாம், பக்கத்தில் நின்றவனை வெட்டலாம், பின்னால் இருந்த சுவரைத் துடைத்துவிட்டு ஆகாயம் தீட்டலாம். யார் செய்தது, எப்போது செய்தது, எதன் மேல் செய்தது என்ற கேள்வியே எழுவதில்லை. புதுச்சேரியில் எடுக்கப்பட்ட சில படங்களை முன்வைத்து இதைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம் என்று தோன்றுகிறது.

முதலில் டச்சிங் செய்கிறவன் மேல் பழி போடுவதற்கு முன், அவனுக்கு வேலை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். வேலை கொடுத்தது கண்ணாடித் தட்டு. வெள்ளி உப்பு பூசிய பழைய தட்டு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணரும். மஞ்சள் அதற்கு மங்கல். சிவப்பு அதற்கு இருட்டு. 1873இல் ஜெர்மானியரான ஹெர்மன் வோகல், தட்டில் சாயம் சேர்த்தால் அது பச்சையையும் உணரும் என்று கண்டார். அப்படி வந்ததுதான் ஆர்த்தோகிரோமாடிக் தட்டு. சிவப்பு அதற்கும் தெரியாது. எல்லா நிறங்களையும் உணர்கிற பான்குரோமாடிக் தட்டை லண்டனில் ராட்டன் அண்ட் வெயின்ரைட் கம்பெனி 1906இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதை முழு இருட்டில் கழுவ வேண்டும். பழைய தட்டைச் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் கழுவலாம். ஸ்டூடியோக்காரர்கள் சுலபமானதை விடவில்லை. உலகமெங்கும் உருவப் படத் தொழில் வெகுகாலம் பழைய தட்டோடுதான் ஓடியது.

இந்தச் சிவப்பு விளக்கில்தான் நம் கதை இருக்கிறது. தட்டுக்குச் சிவப்பு தெரியாது, அதனால் அந்த விளக்கு அதைக் கெடுக்காது. அதே காரணத்தால் நம் தோல் அதில் சரியாக விழாது. மாநிறத் தோலில் இருந்து வருகிற ஒளியில் சிவப்பும் மஞ்சளுமே கூடுதல். அந்தப் பகுதியைத் தட்டு பார்ப்பதேயில்லை. ஆகவே மாநிறம் கருமையாக விழுந்தது. உதடு கறுத்தது. அம்மைத் தழும்பு, வெயில் பட்ட கன்னம், கண்ணுக்குக் கீழே உள்ள நிழல் எல்லாம் நேரில் இருப்பதைவிட ஆழமாகப் பதிந்தன. வெளிர்நீல ஆகாயமோ வெறும் வெள்ளையாகிப் போயிற்று. படம் எடுத்துக்கொண்டவர் ‘நான் இவ்வளவு கறுப்பா?’ என்று கேட்டால் அது வெறும் பகட்டு இல்லை. பாதி நியாயம் அவர் பக்கம் இருந்தது.

அந்தப் பாதி நியாயத்தைச் சரிசெய்யப் பென்சில் வந்தது. சரிவான ஒரு மேசை, நடுவில் ஒரு திறப்பு, கீழிருந்து வெளிச்சத்தை மேலே அனுப்ப ஒரு கண்ணாடி. திறப்பின் மேல் நெகட்டிவை வைத்து, பென்சில் பிடிப்பதற்காக டர்பன்டைனில் கரைத்த பிசினை அதன் மேல் லேசாகத் தடவி, ஊசி போலச் சீவிய கடினமான பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகளாகவும் சுழிகளாகவும் இட்டுக்கொண்டே போவார்கள். நெகட்டிவில் கறுப்பு ஏறினால் காகிதத்தில் அந்த இடம் வெளுக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென்சிலால் முகத்தை வெளுக்க மட்டுமே முடியும். கறுக்கச் செய்ய வேண்டுமானால் கத்தியால் நெகட்டிவின் பூச்சைச் சுரண்ட வேண்டும். கை தவறினால் தட்டு போய்விடும். எனவே வெளுப்பது தினசரி வேலை, கறுப்பது ஆபத்தான வேலை. சிவப்பு நிறத்தின் மேல் தட்டுக்கு இருந்த குருடும், ஒரு பக்கமாகவே சாய்கிற பென்சிலும், வெளுப்பைத் தேடுகிற சமூகத்தின் ஆசையும் ஒரே மேசையில் வந்து கூடின. எங்கே பிழைதிருத்தம் முடிகிறது, எங்கே ஆசை தொடங்குகிறது என்று கோடு போட அங்கே யாரும் இல்லை.

பின்னணிக்கும் இப்படி ஒரு வழி இருந்தது. உருவத்தைச் சுற்றி, விளிம்பு பிசகாமல், நெகட்டிவின் மேல் ஒளி புகாத வர்ணத்தைத் தீட்டிவிட்டால் காகிதத்தில் அந்த இடமெல்லாம் சுத்த வெள்ளையாகிவிடும். சுவரும் கதவும் பக்கத்தில் நின்றவர்களும் மறைந்து ஆள் மட்டும் வெறுமையில் நிற்பார். பிறகு அந்த வெறுமையில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் வெகுகாலம் ஒரு படம் தொங்கியது. என் பாட்டியின் தாயார். பின்னால் திரைச்சீலையில் தீட்டிய படிக்கட்டு, தூண், தூரத்தில் ஏரி. அப்படி ஒரு படிக்கட்டில் அவள் ஆயுளில் ஏறியிருக்க மாட்டாள். அவள் முகம் நிலா வெளுப்பு. மடிமேல் கிடக்கிற கைகள் இரண்டும் கறுப்பு. டச்சிங் செய்தவர் முகத்தோடு நின்றுவிட்டார். சின்ன வயதில் எனக்கு முகம்தான் பாட்டி. இப்போது அந்தப் படத்தைப் பார்க்கிறபோது கண் கைகளுக்குத்தான் போகிறது. முகத்தில் இருப்பது ஊரில் எல்லா ஸ்டூடியோவிலும் கிடைக்கிற ஒரு முகம். கைகள்தான் அவளுடையவை. நரம்பு புடைத்த, வேலை செய்த கைகள். யாரும் திருத்தாததால் மிஞ்சியவை.

இதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. டச்சிங் இந்தத் தொழிலோடு கூடவே பிறந்தது. மியூனிக் நகரத்து ஹான்ஃப்ஸ்டேங்கல் 1855ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் ஒரே உருவத்தைத் திருத்தியும் திருத்தாமலும் இரண்டு படங்களாக வைத்தார் என்று புகைப்பட வரலாறுகளில் சொல்லப்படுவதுண்டு. அந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் திருத்தினார் என்பதல்ல, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் என்பது. சிக்கல் திருத்தத்தில் தொடங்குவதில்லை. திருத்திய பிரதி மூலத்தின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்கிறபோது தொடங்குகிறது.

புதுச்சேரியில் அது நடந்திருக்கிறது. அரவிந்தர் 1910 ஏப்ரல் 4ஆம் தேதி இந்த ஊருக்கு வந்தார். 1915-16 வாக்கில் எடுக்கப்பட்ட அவர் படம் ஒன்று இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று மூலம், மற்றது நன்றாகத் திருத்தப்பட்டது. பக்தர்களிடம் பரவியது இரண்டாவது. ஆசிரம ஆவணக் காப்பகத்தில் பல்லாண்டு பணியாற்றிய பீட்டர் ஹீஸ், 2008இல் கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட தமது அரவிந்தர் வாழ்க்கை வரலாற்றின் முன்னுரையில் இவை இரண்டையும் ஒப்பிட்டு எழுதினார். கறுத்த, அம்மைத் தழும்புள்ள தோலும் கூரிய அங்கங்களும் கொண்ட ஒரு மனிதர் மூலத்தில் இருக்கிறார். திருத்தியதில் தோல் வழுவழுப்பாகி ஒளிர்கிறது. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவன் எந்தப் படத்தை நம்புவது என்பதுதான் அவர் எழுப்பிய பிரச்னை. அந்தப் புத்தகம் வேறு பல காரணங்களாலும் பெரிய சச்சரவை உண்டாக்கியது. அதன் இந்தியப் பதிப்பு ஒரிசா உயர் நீதிமன்றத்தின் தடையில் சிக்கிக்கொண்டது. படத்தின் தழும்பைப் பேசத் தொடங்கினால் வாழ்க்கையின் தழும்பையும் பேச வேண்டிவரும் என்பதை இரண்டு தரப்பும் உணர்ந்திருந்தன என்றே நினைக்கிறேன்.

பக்தர்களின் நிலையையும் புரிந்துகொள்ள வேண்டும். 1926 நவம்பரில் அரவிந்தர் தனிமைக்குள் போனார். ஆண்டில் சில தரிசன நாட்களில் மட்டுமே அவரைக் காண முடிந்தது. 1920 வாக்கிலிருந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவரைப் படம் எடுக்கவே இல்லை. அத்தனை காலமும் தூரத்தில் இருந்தவர்களுக்குப் பழைய படங்கள்தான் முகம். அதில் ஒன்று பென்சில் பட்டது என்பதை எண்ணிப் பார்க்க அவர்களுக்குக் காரணம் இல்லை. 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வந்தார். எடுத்த படத்தின் ஓரத்தை வெட்டுவதைக்கூடப் பொறுக்காதவர் அவர். அவர் எடுத்த படங்களில் வெண்தாடியோடு, வயதான ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அரவிந்தர் காலமானார். இன்று இந்த ஊர்க் கடைகளில் இளம் வயதுப் படமும் முதுமைப் படமும் ஒரே வரிசையில் சட்டமிட்டுத் தொங்குகின்றன. ஒன்றில் பென்சில் இருக்கிறது, மற்றதில் இல்லை என்று சட்டத்தின் கீழே எழுதியிருப்பதில்லை.

பாரதி விஷயம் வேறு மாதிரி. அவரிடம் பென்சில் செய்ததைவிடத் தூரிகையும் கத்தரியும் செய்தது அதிகம். பாரதி 1908இல் புதுவைக்கு வந்து 1918 நவம்பர் வரை இருந்தார். அவருடையதாக நமக்கு எஞ்சிய புகைப்படங்களை ஒரு கை விரல்களில் அடக்கிவிடுவார்கள். புதுவையில் 1917 வாக்கில் செல்லம்மாவோடு எடுத்தது, குடும்பத்தாரும் நண்பர்களும் சேர்ந்து நிற்பது, 1919இல் காரைக்குடியில் எடுத்தவை, கடைசிக் காலத்தில் சென்னையில் எடுத்தது. ரா.அ. பத்மநாபன் ‘சித்திர பாரதி’யை 1957இல் கொண்டுவந்தபோது இவற்றைத் தேடிச் சேர்த்து, எங்கே எப்போது எடுத்தது என்று விசாரித்து எழுதினார். படத்தை ஆவணமாக நடத்திய தமிழ்க் காரியங்களில் அது முக்கியமானது.

ஆனால் தமிழ் மக்கள் மனசில் உள்ள பாரதி இவற்றில் எதுவும் இல்லை. வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, முறுக்கு மீசையோடு ஓவியர் ஆர்யா தீட்டிய சித்திரமும் அதன் வழி வந்த காலண்டர்களும்தான் நம் பாரதி. 1932 ஜனவரியில் சென்னைக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி தேசியக் கொடியைப் பறக்கவிட்ட அதே ஆர்யா. அவரோடு எனக்குச் சண்டை இல்லை. ஓவியம் தன்னை ஓவியம் என்று சொல்லிக்கொள்கிறது. ஒரு மனிதனின் கை அதில் தெரிகிறது. பெரிய மனிதரின் படம் ஆவணம் இல்லை, விக்கிரகம் என்று யாராவது வாதாடினால் அதையும் ஒப்புக்கொள்வேன். விக்கிரகத்துக்கு அதற்கான இலக்கணம் உண்டு, செய்த ஸ்தபதியும் உண்டு. திருத்திய புகைப்படத்துக்கு இரண்டும் இல்லை. கையே படாதது போல அது நிற்கிறது.

2019 ஜூனில் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் அட்டையில் பாரதியின் தலைப்பாகை காவியாக வந்தது. சச்சரவு எழுந்தது. தேசியக் கொடியின் நிறங்களை மனத்தில் கொண்டு செய்தது என்று விளக்கம் வந்தது. ஒரு தரப்பு அரசியல் என்றது, மறு தரப்பு நிறம்தானே என்றது. நிறத்துக்கு ஒரு சாட்சி இருப்பதை மட்டும் யாரும் நினைக்கவில்லை. அந்தச் சாட்சி தட்டு.

மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். சிவப்பு தெரியாத, மஞ்சளை மங்கலாகவே உணர்கிற தட்டில் காவித் துணி கறுத்துத்தான் விழும். பாரதியின் படங்களிலோ தலைப்பாகை வெளிச்சமாக இருக்கிறது. அன்று ஸ்டூடியோக்களில் சாதாரணமாகப் புழங்கிய தட்டில் எடுத்திருந்தால், அந்தத் துணி அடர்ந்த காவியாக இருந்திருக்க முடியாது. வெளிர்நீலமாக இருந்திருக்கலாம் என்றால் தட்டு மறுக்காது, நீலம் அதற்கு வெள்ளைதான். காவியை மறுக்கும். கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைப் பற்றி ஊமை என்று நினைக்கிறோம். கேட்கத் தெரிந்தால் அது பேசும்.

ஆனால் உடனே ஒரு நிபந்தனை. நாம் பார்ப்பது தட்டையா? பிரதியின் பிரதியை, அச்சுக்காக வெளுத்ததை, பின்னணி துடைத்ததைப் பார்க்கிறோம். அந்தத் தலைப்பாகையின் வெண்மையில் எவ்வளவு துணி, எவ்வளவு தூரிகை? மூலம் கையில் இல்லாமல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. திருத்தப்பட்ட பிரதி மூலத்தின் இடத்தில் உட்கார்ந்தால் வருகிற நஷ்டம் இதுதான். பொய் சொல்கிறவனை மறுக்கும் வழியும் சேர்ந்து அழிந்துபோகிறது.

இனிப் பின்னணி. செல்லம்மாவோடு இருந்த படத்திலிருந்து செல்லம்மா நீங்கியும், நண்பர்கள் கூட்டத்திலிருந்து கூட்டம் நீங்கியும், காரைக்குடிச் சங்கத்தாரிடமிருந்து பிரிந்தும் பாரதியின் தலை மட்டும் எத்தனையோ மலர்களில், மேடைகளில், சுவரொட்டிகளில் மிதந்திருக்கிறது. சுற்றிலும் வெண்மை, அல்லது கதிர் விடுகிற சூரியன். பார்ப்பதற்குக் கம்பீரம். ஆனால் அந்த மனிதர் யாரோடு நின்றார், யார் அருகே நிற்க யார் சம்மதித்தார்கள் என்பது போய்விடுகிறது. பக்கத்தில் நிற்பதே துணிச்சலாக இருந்த காலம் அது. பிரிட்டிஷ் உளவாளிகள் சுற்றித் திரிந்த ஊரில் அவரோடு சேர்ந்து காமிரா முன் நின்றவர்கள் படத்தின் அலங்காரம் இல்லை. அவர்களும் அந்தச் சரித்திரத்தின் பாத்திரங்கள்.

இன்னும் ஒன்று. புதுவைப் பாரதிக்குப் பின்னணிதான் உயிர். அவர் பின்னால் இருந்தது பிரெஞ்சு மண். அதனால்தான் அவர் படம் எடுத்துக்கொள்ளும் சுதந்திரத்தோடு இருந்தார். 1918 நவம்பரில் அந்த எல்லையைத் தாண்டினார், கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். ஆள் அதே ஆள், தலைப்பாகை அதே தலைப்பாகை, மாறியது பின்னணி மட்டும். அவரைச் சுற்றி வெண்மை தீட்டி எந்த ஊருக்கும் உரியவராக ஆக்குகிறபோது, எந்த ஊர் அவரைக் காப்பாற்றியது என்பதையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறோம்.

இதெல்லாம் பழங்கதை, இன்று யார் பென்சில் பிடிக்கிறார்கள் என்று கேட்கலாம். பென்சில் போனது, வேலை போகவில்லை. கலர்ப் பிலிம் வந்தபோது கோடக் நிறுவனம் ஆய்வகங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க ஓர் அட்டை அனுப்பியது. அதில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி. கறுத்த தோல் பதிவாவதில் உள்ள குறையை அந்நிறுவனம் வெகுகாலம் பொருட்படுத்தவில்லை. அடர் நிறங்களின் வேறுபாடு பிலிமில் தெரியவில்லை என்று சாக்லேட் வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும் முறையிட்ட பிறகே மாற்றம் வேகம் பிடித்தது என்று இதை ஆராய்ந்த லோர்னா ராத் எழுதியிருக்கிறார். கறுப்பு மனிதனுக்காக வராத திருத்தம் சாக்லேட்டுக்காக வந்தது.

இப்போது கைபேசியில் முகத்தை மழுப்புவதும் பின்னணியை மங்கவைப்பதும் படம் சேமிக்கப்படுவதற்கு முன்பே நடந்துவிடலாம். பழைய டச்சிங்காரர் மேசையில் ஒரு தட்டு இருந்தது. பிசினைத் துடைத்தால் பென்சில் போய்விடும், கீழே பழைய முகம் இருக்கும். இன்றைய படத்துக்குப் பல சமயம் அப்படி ஒரு ‘கீழே’ கிடையாது. அரவிந்தரின் மூலப் படம் எங்கோ தப்பிப் பிழைத்ததால்தான் நாம் இன்று ஒப்பிட முடிகிறது. நம் காலத்து எழுத்தாளன் ஒருவனின் முகத்தை நூறு வருஷம் கழித்து ஒப்பிட நினைப்பவன் எதோடு ஒப்பிடுவான்?

இதற்கிடையில் நல்ல காரியமும் இதே ஊரில் நடந்திருக்கிறது. 1955இல் தொடங்கிய புதுவைப் பிரெஞ்சு நிறுவனம், 2010களில் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு, தமிழ் நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களையும் தட்டுகளையும் தேடி ஆயிரக்கணக்கில் எண்மப்படுத்தியது. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத மனிதர்கள். கல்யாணம், சாவு, முதல் குழந்தை, புதுச் சைக்கிள். யாரோ ஒருத்தியின் கறுத்த கைகள் அங்கே பத்திரமாக இருக்கின்றன என்பது எனக்கு ஆறுதல். பெயர் தெரியாதவர்களுக்குக் கிடைத்த இந்த மரியாதை பெயர் பெற்றவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது விசித்திரம்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பாரதியின் படங்களுக்கு ஒரு பதிப்பு வேண்டும். பாட்டுக்குச் செய்கிற அதே முறையில். கிடைத்ததிலேயே பழைய பிரதி ஒன்று, அதன் ஓரங்களோடு, கறையோடு, கூட நின்றவர்களோடு. அதற்குப் பக்கத்தில் அதிலிருந்து வெட்டியவை, வெளுத்தவை, நிறம் ஏற்றியவை, ஆண்டு தெரிந்தால் ஆண்டோடு, செய்தவர் தெரிந்தால் பெயரோடு. 2019 பாடநூல் அட்டையும் அதில் இருக்கட்டும், அதுவும் ஒரு பாடபேதம். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி குடியிருந்த வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. அந்த வீட்டுச் சுவர் ஒன்று இதற்குப் போதும்.